மாடியறைக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தாய்

கிள்ளான்

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மாத்திரைகளின் தயவில் நலம். மெல்பர்னில் நீயும் மாதவியும் யார் தயவும் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும்.

இருவரும் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து மாடியறையில் இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அன்றே அம்மா பக்கத்து வீட்டு உஷாராணியிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஒரே சந்தோஷம், ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க ஒன்னா இருந்தா பாதுகாப்பு லா என்றாள், பிறகு தன் மகன் ஜீவனுக்காக மாதவியின் ஜாதகத்தைக் கேட்டாள். அந்தப் பொண்ணுக்கு அமஞ்சி போச்சி என்றாள் அம்மா. மாப்பிள்ள எந்த ஊரு என்றதற்கு, நம்ம கிள்ளான்தான் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எந்தக் குடும்பம் என்று உஷாராணி கோயிலில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பிரிக்பீல்ட்ஸ் போய் வக்கீல் சிவநேசனைப் பார்த்தேன். ஒரே வீட்ல இருக்கறத யாரும் கேக்க மாட்டாங்க அங்கிள், என்ன உறவுன்னு கேட்டா மட்டும் வாயத் திறக்காதீங்க என்றார். நீங்கள் அங்கே பதிவு செய்த கல்யாணம் இங்கே மலேசியாவில் செல்லாதாம். வாடகைக்கு இருப்பவர்களாக இருக்கலாம், குடும்பமாக இருக்க முடியாது, இந்த நாட்டுச் சட்டத்தில் உங்களை நினைத்து எழுதியது போல இருப்பது தண்டனைப் பிரிவு ஒன்றுதான். கோர்ட்டில் காலமெல்லாம் மொழிபெயர்த்தவன் நான், வாயைத் திறக்காமல் இருந்து தப்பித்தவர்களை அதிகம் பார்த்ததில்லை.

போன வருடம் உனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது மாதவி மனைவி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள், உன் கட்டிலருகே உட்கார்ந்தாள். இங்கே அவளை வெளியே நிற்கச் சொன்னால் நான் யாரிடம் போய் வாதாடுவது, எனக்கும் மூச்சு வாங்குகிறது. அதனால் வர வேண்டாம் அம்மா. தீபாவளிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள், குடியிருக்க வர வேண்டாம். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. அம்மா போனில் அழுதால் அப்பாதான் தடுத்தார் என்று சொல், அது உண்மைதான்.

இருவரும் சேர்ந்து நீண்ட நாள் வாழுங்கள். மறக்காமல் ஒன்று செய். மாடியறைக்கென்று அம்மா மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் திரைத்துணி எடுத்து வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டுச் சன்னலின் அளவை அனுப்பு, நாங்கள் வந்து மாட்டுகிறோம்.

ஆசிகளுடன்,
அப்பா கமலநாதன்