இடது கைக்கு அமைத்த திரை

நேற்று மதியம் உன் வீட்டுக்காரர் உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "ஏனுங்க, இதுல மெனு, ஐகான் ஒண்ணுமே வரமாட்டேங்குதுங்க. குழந்தை போட்டோவெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு" என்றார். கறுப்புத் திரை, மேலே மெல்லிய ஒரு பட்டை, அதில் மணி மட்டும். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாம் இருவரும் செய்தது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து என் வலது கை விரல்கள் மடங்காமல் போன வருஷம் அது. மூன்று மாதம் கழித்து, துடியலூரில் நாம் வேலை பார்த்த பம்ப் டிசைன் ஆபீஸுக்குத் திரும்பினேன். இடது கையால் மவுஸைப் பிடித்தால் கீபோர்டுக்குக் கை இல்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று உன்னிடம்தான் அழுதேன். "இடது கை இருக்குதல்ல அம்மணி? அதுக்கேத்த மாதிரி கம்ப்யூட்டரை மாத்திப்போடலாம்" என்றாய்.

மறுநாளே ஒரு சின்ன விண்டோ மேனேஜரை ஏற்றினாய். திரையில் எந்த ஜன்னல் எங்கே இருக்கவேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்கிற, எடையே இல்லாத மென்பொருள். எந்தக் கீயை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று நாம்தான் ஒரு கோப்பில் எழுதவேண்டும். நான்கு மாதம், மதிய இடைவேளைகளில் உன் லேப்டாப்பிலும் ஏற்றிப் பார்த்துப் பார்த்து எழுதினோம். தொடங்கியது நீ. விரல் எதுவரை எட்டும், எது வலிக்கும் என்று பார்த்துப் பார்த்து மாற்றியது நான். பாதி வரிகள் நான் எழுதியவை. "இந்த கேப்ஸ் லாக்கை ஒருத்தரும் தொடறதில்லை, அதை உன் பேருக்கே எழுதி வெச்சரலாம்" என்று சிரித்தாய். அதை அழுத்திக்கொண்டு பக்கத்து எழுத்தைத் தொட்டால் ஜன்னல்கள் இடம் மாறின. கோப்பின் முதல் வரியில் இருவர் பெயரையும் போட்டது நீதான்.

நிர்வாகத்தினர் பார்க்க வந்த அன்று அந்த வரியில் உன் பெயர் மட்டும் இருந்தது. "இவங்களுக்காக நானே உக்காந்து செஞ்சுபோட்டேனுங்க" என்றாய். அவர்கள் என் கையையே பார்த்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த வாரம், பிரிவுப் பொறுப்பை எனக்குக் கொடுக்கலாமா என்று மேலாளர் உன்னிடம் கேட்டபோது, நான் வரைபடத்தோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

"பாவமுங்க அவ. நானில்லாம ஒரு ஜன்னல்கூடத் தொறக்க முடியாதுங்க."

உள்ளே வந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாதம் முடிந்ததும் விலகினேன். ஏன் என்று நீயும் கேட்கவில்லை. போன ஆடியில் நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று தெரிந்தும் வரவில்லை. தேறி வரட்டும், நேருக்கு நேர் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நேற்று அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் இன்னமும் உன் பெயர் மட்டும்தான். போட்டோக்களை எடுத்துக் கொடுத்து, அவருக்குப் புரிகிற மாதிரி மெனு உள்ள திரையாக மாற்றிவைத்தேன். "என்கிட்ட எதுக்குங்க கொண்டுவந்தீங்க?" என்று கேட்டேன்.

"அவதானுங்க சொன்னா. இதுல பாதி நீங்க செஞ்சதாமுங்க. தனக்கு எதாச்சும் ஆச்சுன்னா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னா."

ஆக, உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஆபீஸில் எல்லார் முன்னாலும் பொய். கட்டிலில் படுத்துக்கொண்டு புருஷனிடம் மட்டும் உண்மை. போன் உன் தலைமாட்டில்தானே இருந்திருக்கும்? என் நம்பர் மாறவே இல்லையே.

குழந்தை படங்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அன்று நீ என்னை வேலையை விடவிடாமல் தடுத்தாய். இன்றும் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றால் அது உன்னால்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கோபம் தீரவில்லை. இருந்திருந்தால் வந்து வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், நீயும் பதிலுக்குக் கத்தியிருப்பாய், ஒருவேளை தீர்ந்திருக்கும். நீ போய்விட்டாய். இனி அந்தச் சண்டையில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.