கத்தத் தெரியாத ஏஜென்டுக்கு ஒரு கையேடு

ஜூலை 6, திங்கள்

கோடைக்கால அரைநாள் ஆபீஸ் நேரம் தொடங்கிவிட்டது. இரண்டு மணிக்கு ஆபீஸ் மூடினால் மூன்று மணிக்குப் பக்கத்து ஊரான லா குலெத் கடலில் இருப்பேன். இந்த நினைப்போடு உல்லாசமாகத்தான் எங்கள் மேலாளர் தலீலா மேடத்தின் அறைக்குள் போனேன்.

ஐந்து வருடமாக எங்கள் பிழை தேடும் கருவிக்குக் கையேடு எழுதுகிறேன். இனி அதைப் படிக்கப்போவது ஏஐ ஏஜென்டாம். கையேட்டை மட்டும் கையில் கொடுத்தால், ஓடுகிற மென்பொருளுக்குள் புகுந்து கோளாறை அதுவே கண்டுபிடிக்க வேண்டுமாம். ஆகஸ்ட் 28-க்குள் ஒரு பிழையாவது பிடித்தால் என் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் ஆகஸ்ட் கடைசியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மனிதர்கள் மட்டும் படித்துக் கிழித்தார்களா என்ன? பக்கத்து மேசை முன்ஜி இதுவரை ஒரு பக்கம் புரட்டியதில்லை. "வாய் எதுக்கு இருக்கு? கேட்டாப் போச்சு" என்பான்.

ஜூலை 8

'பச்சை விளக்கு எரிந்ததும் தொடரவும்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு ஏது கண்?

ஜூலை 9

'சிறிது நேரம் காத்திருக்கவும்' – மொத்தம் பதினேழு இடத்தில். சிறிது என்றால் எவ்வளவு? சத்தியமாக எனக்கே தெரியாது. முன்ஜியைக் கேட்டேன். ஒரு காப்பி குடிக்கிற நேரமாம்.

ஜூலை 16, வியாழன்

இன்று கடலுக்குப் போகவில்லை.

சோதனைக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே கணினி. அதில் ஓடுவதை நிறுத்த வேண்டுமென்றால், எழுந்து நின்று "நிறுத்தப் போறேன்" என்று கத்துவோம். யாருக்காவது வேலை இருந்தால் "வேணாம்" என்று திருப்பிக் கத்துவார்கள். சத்தம் வராவிட்டால் நிறுத்திவிடுவோம். ஏஜென்ட் எங்கே கத்தும்? கையேட்டின் முதல் பக்கத்தில் 'முதலில் நிறுத்தவும்' என்று இருந்தது. நிறுத்திவிட்டது.

அங்கே ஒரு மென்பொருளின் ஒவ்வொரு அடியையும் பதிந்தபடி முன்ஜியின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தோஸர் ஊரில் பேரீச்சம்பழம் எடை போடும் மென்பொருள் எப்போதோ ஒருமுறை உறைந்து நின்றுவிடுகிறது. அந்த ஒரு கணத்துக்காக ஒன்பது நாளாகக் காத்திருந்தான். போச்சு.

"அது மூச்சு திணற ஆரம்பிச்ச நேரமாப் பாத்து உன் ஏஜென்ட் கழுத்த நெரிச்சிருக்கு, விதாத்."

எழுதியிருந்ததைத்தானே செய்தது என்றேன்.

"எழுதினது யாரு தாயே?"

நான் என்ன பண்ணட்டும்? அஞ்சு வருஷமா எல்லாரும் கத்திக்கிட்டுதானே இருந்தோம் – அத எழுதி வைக்கணும்னு எவனுக்குத் தோணுச்சு? எனக்குத் தோணியிருக்கணும். அதுக்குத்தானே என்னை வெச்சிருக்காங்க.

ஜூலை 21

முன்ஜி பேசுவதில்லை. புதிதாகப் பதிவைத் தொடங்கியிருக்கிறான்.

நோட்டோடு கூடத்தில் உட்கார்ந்து, வாயால் மட்டுமே நடக்கும் காரியங்களைக் குறித்தேன். 'நாற்பதாம் எண் பிழை வந்தால் பதறாதே, அது தினமும் வரும்.' இப்படி முப்பத்தொன்று! இத்தனை நாள் நான் எழுதியது என்ன கையேடு?

ஜூலை 23

கணினியில் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்ட ஒரு கட்டளை செய்து தர முடியுமா என்று முன்ஜிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். பதில் மின்னஞ்சலிலேயே வந்தது: ஆறு வருடமாக அப்படி ஒன்று இருக்கிறதாம். கத்துவது சுலபம் என்பதால் ஒருவரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 4

முதல் பக்கம் இப்போது இப்படி: 'நிறுத்தும் முன் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார். ஒருவர் இருந்தாலும் நிறுத்தாதே. அவர் பெயரைச் சொல்லிக் கேள். பதில் வராவிட்டால் அது சம்மதம் அல்ல.'

எனக்கே பிடித்திருக்கிறது. தர்பூசணியோடு கடலுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

தலீலா மேடம் ஏஜென்டுக்குக் கொடுத்தது அதே பேரீச்சம்பழப் பிழை. பத்து நிமிடத்தில் திரையில் கேள்வி: 'முன்ஜி இணைந்திருக்கிறார். நிறுத்தலாமா?'

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். ஐந்து வாரமாக ஓடும் பதிவு. நிறுத்தாமல் ஏஜென்டால் மேலே போக முடியாது. இரண்டு மணிக்கு என் கெடு முடிகிறது. சரி என்று சொல்லடா என்று மனசு கிடந்து தவித்தது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் 'வேண்டாம்' என்று தட்டினான்.

ஏஜென்ட் காத்திருந்தது. இரண்டு மணி ஆனது. மேடம் பையை எடுத்துக்கொண்டு போனார். நான் எழுதிய கையேடே எனக்கு வேட்டு வைத்துவிட்டது. ஆனால் அது செய்தது சரி. அதுதான் அழுகையாக வருகிறது.

ஆகஸ்ட் 31, திங்கள்

மேசையைக் காலி செய்யத்தான் போனேன். ஞாயிறு மதியம் மென்பொருள் உறைந்த அந்தக் கணம், பதிவில் முழுசாக விழுந்திருந்தது. ஏஜென்ட் இன்னும் அதே கேள்வியோடு காத்திருந்தது. முன்ஜி 'இப்போது நிறுத்தலாம்' என்று தட்டினான். பத்து மணிக்குள் பிழையைப் பிடித்துவிட்டது. மூன்று நாள் தாமதம்.

முன்ஜி எழுந்து மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். என்ன பேசினானோ, அரை மணி நேரம் ஆனது. வெளியே வந்து நேராக என் மேசைக்கு வந்தான்.

"உன் கையேட்டுல பன்னெண்டாம் பக்கம் தப்பா இருக்கு. நாளைக்குத் திருத்திடு."

நாளைக்கு எனக்கு இங்கே வேலை இல்லையே என்றேன்.

"யாரு சொன்னா?" என்றான். "மேடம் கூப்பிடுறாங்க, கையெழுத்து போடணுமாம்."

வீட்டுக்கு வந்ததும் பன்னிரண்டாம் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு தப்பும் இல்லை. நாளைக்குப் போய் அவனோடு சண்டை போட வேண்டும்.