யசோதினி டீச்சர் சொன்ன வைத்தியம்

மஸ்கெலியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தவமலர் கணவனுக்கு அவசரமாக எழுதினாள்.

"தனுஷா அப்பா, புள்ளயக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். ரொட்டி டப்பாவுல இருக்கு, தேங்காச் சம்பல மூடி வச்சிருக்கேன்."

பேனா தயங்கியது. முந்தின நாள், இன்டர்நெட்டில் அவன் இறக்கிய புது ஆப்பரேட்டிங் சிஸ்டம், இடம் போதாது என்று சொல்லிக் கணினியில் ஏற மறுத்தது. அவனோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கூடப் படிப்பிக்கும் யசோதினி டீச்சருக்கு போன் போட்டுச் சிரித்துச் சிரித்து வைத்தியம் கேட்டான். பெரிய பைலாகப் பார்த்து அழிக்கச் சொன்னாளாம்.

"அழிச்சது குப்பைத்தொட்டியிலயே கெடந்தா எடம் வராது, அதயும் காலி பண்ணணும். ஒங்க டீச்சர் அத சொல்லல போல. நானே பண்ணலாம்னு தொறந்தேன். உள்ள நம்ம கல்யாண வீடியோ கெடந்துச்சு. எடுத்துப் பழைய எடத்துலயே வச்சிட்டேன். இறம்பொட ஸ்கூல் டூர்ல டீச்சரோட எடுத்த வீடியோ மட்டும் பத்திரமா இருக்கு. இனி எத அழிக்கலாம்னு அவங்ககிட்டயே கேளுங்க."

தாளைக் கணினித் திரையில் ஒட்டிவிட்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்.

"அவங்க வந்தா ரொட்டி ரெண்டு பேருக்குக் காணும். எனக்குச் சுட்டதயும் வச்சிட்டுத்தான் போறேன்."