அபராதம் மட்டும்தானாம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? போன தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார முடியாமல் நெளிந்தீர்களே, அதுவே கண்ணுக்குள் நிற்கிறது. இதை உறையில் போட்டு ஒட்டி, வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். சிறையில் பிரிக்க மாட்டார்களாம்.

ஒரு செய்தி. நல்லதா கெட்டதா என்று எனக்கே பிடிபடவில்லை. சட்டத்தை மாற்றிவிட்டார்கள். கொஞ்சமாகக் கஞ்சா வைத்திருந்தால் இனி ஜெயில் இல்லை, அபராதம் மட்டும்தானாம். சலவைக்கடையில் இஸ்திரி போடும்போது ரேடியோவில் சொன்னார்கள். பெட்டியைத் தூக்க மறந்து யாருடைய சட்டையையோ கருக்கிவிட்டேன்.

அப்படியே வக்கீலம்மாவிடம் ஓடினேன். "அப்போ அவரை விட்டுடுவாங்களா?" என்றேன். "அப்படி இல்லம்மா. முன்னாடியே தண்டனை வாங்கினவங்களுக்கு இது தானா பொருந்தாது. மனு போடணும்" என்றார். அதே பொட்டலம்தான். இன்று பிடிபட்டவன் பணம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான், அன்று பிடிபட்டவர் உள்ளேயே இருக்கிறார். திரும்பத் திரும்ப விளக்கினார். தலையாட்டினேன். படியிறங்கும்போது மண்டையில் ஒன்றும் இல்லை.

மனுவிலும் சிக்கல். வண்டி சீட்டுக்கடியில் இருந்த பொட்டலம் என்னுடையதுதான், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். கோர்ட்டில் கடைசி வரை "என்னுது இல்ல, யாருதுன்னும் தெரியாது" என்றவர் நீங்கள். சிகரெட் வாடைக்கே தும்முகிற மனுஷன். பொய் சொன்னால் வெளியே, உண்மை சொன்னால் உள்ளே. இது என்ன நியாயமோ!

என் தம்பி இப்போதெல்லாம் வீட்டுக்குள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெயிண்ட் வேலைக்கு உங்கள் வண்டியை எடுத்துப் போவானே. வாசலில் காய்கறிப் பையை வைத்துவிட்டு நழுவிவிடுகிறான். சென்ற வாரம் மறித்துக் கேட்டேன். "மாமாதான் வாயத் திறக்காதன்னு சொன்னாரு, அக்கா" என்று தேம்பினான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க வரவில்லை. உங்கள்மேல் கோபமா, பெருமையா என்றும் தெரியவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

பாப்பா, "அப்பா தப்பு செஞ்சாரா?" என்று கேட்கும்போதெல்லாம் இல்லை என்றே சொல்லி வந்தேன். இனி என்ன சொல்வேன்?

மனு இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஊர் வாய்க்கு வந்ததைப் பேசட்டும். பாப்பாவுக்கான பதிலை மட்டும் நீங்களே வந்து சொல்லுங்கள்.

உங்கள் வரவையே பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா