மண் படைக்கு வைத்த மீசை

குண்டூர் நாடு
கொல்லிமலை
7 ஆகஸ்ட் 1938

ராசாமணிக்கு, சென்றாயன் எழுதுவது.

நான் சுகமாக இல்லை. நீ சுகமாக இருப்பாய் என்று தெரியும்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் நாவிதர் முன்னால் என்னை உட்கார வைத்துவிட்டு நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கண்ணிலேயே நிற்கிறது. பந்தயத்தில் தோற்றேன், மீசையைக் கொடுத்தேன். ஆனால் அப்பனோ ஆத்தாளோ செத்தால்தானே நம் பக்கம் ஆண்பிள்ளை மீசை எடுப்பான்? மலையடிவாரத்துக் காரவள்ளியிலேயே மிளகு வியாபாரிகள் துக்கம் விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் அய்யன் குத்துக்கல்லாட்டம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "நான் இன்னும் சாவலையேடா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை.

சேலம் ஆஸ்டலில் களிமண் ராஜாக்களையும் குதிரைகளையும் மணலில் நிறுத்தி விளையாட ஆரம்பித்தோமே, இத்தனை வருஷத்தில் அந்த ஆட்டம் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை. உன் மீசையும் அதே சந்தையில் விழ வேண்டும். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

சென்றாயன்


பேளுக்குறிச்சி
15 ஆகஸ்ட் 1938

அன்புள்ள சென்றாயா,

கோபத்திலும் உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. பெரியவர் மனது நொந்ததற்கு என் மேலும் தப்பு உண்டு. அடுத்த முறை மேலே வந்து காலில் விழுகிறேன்.

ஆனால் தோற்றது உன்னால். படை முழுவதையும் மணல் மேட்டின் உச்சியில் ஏற்றினாய். நான் ஏறவே இல்லை, அடியில் இருந்த ஓடையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் எட்டாத படை சாகும் என்பது நாம் இருவரும் சேர்ந்து வைத்த விதி. மலை என்றால் மேலே ஊற்று இருக்கும் என்று நீ பாட்டுக்கு இருந்துவிட்டாய். அது உன் கொல்லிமலை இல்லை சாமி, வெறும் மணல்.

இங்கே என் அய்யன் படுத்த படுக்கைதான். கண்ணும் மங்கிவிட்டது, முகத்தைத் தடவித்தான் என்னை அடையாளம் காண்கிறார். உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ராசாமணி


குண்டூர் நாடு
2 அக்டோபர் 1938

ராசாமணிக்கு,

நீ எழுதியது சரி. படித்ததும் கிழித்தேன், பிறகு ஒட்டி வைத்துப் படித்தேன். தினமும் முற்றத்தில் மணலைக் கொட்டி, தோற்ற ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்கிறேன். உன் பக்கமும் நானே ஆடுகிறேன். உன்னைப் பற்றி ஒன்று புரிந்தது. அதை இப்போது சொல்லமாட்டேன்.

ஒரு புது விதி கேட்கிறேன். தாயக்கட்டையில் தாயம் விழுந்தால் மேட்டில் மழை, ஓடையில் வெள்ளம். சம்மதமானால் ஐப்பசிச் சந்தைக்குப் படையோடு வா. பந்தயம் அதே மீசை.

அய்யன் இன்னும் பேசவில்லை.

சென்றாயன்


பேளுக்குறிச்சி
31 அக்டோபர் 1938

அன்புள்ள சென்றாயா,

ஜெயித்துவிட்டாய். ஓடையை மறித்து நின்ற என் குதிரையெல்லாம் ஒரே தாயத்தில் போயிற்று. விதியைப் படித்தபோது சிரித்துக்கொண்டே சம்மதித்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

அன்று நாவிதர் வராததால் தப்பித்தேன் என்று நினைக்காதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தங்கச்சி பிரசவத்துக்காக ஆத்தா ராசிபுரம் போயிருக்கிறாள். அய்யன் என் முகத்தைத் தடவாமல் கஞ்சி குடிப்பதில்லை. ஆத்தா திரும்பி வரும்வரை பொறுத்துக்கொள். தலைமுடி வேண்டுமானால் இன்றே எடுக்கிறேன்.

ராசாமணி


குண்டூர் நாடு
5 நவம்பர் 1938

ராசாமணிக்கு,

தண்ணீரைக் கண்ட இடத்தில் நீ கூடாரம் போடுவாய், அசையமாட்டாய். கிணற்றுக்காரன் புத்தி. மேலே பெய்தால் கீழே என்ன வரும் என்று மலைக்காரனுக்குத் தெரியும். நான் கண்டுபிடித்தது இதுதான்.

பொறுக்கமாட்டேன். உன் அய்யனுக்கு மட்டும்தான் மனசா, என் அய்யனுக்கு இல்லையா? வருகிற சந்தையிலேயே எடு. செல்லமுத்து மிளகு மூட்டையோடு வருவான், கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். பிறகு நாம் பழையபடி இருக்கலாம்.

சென்றாயன்


பேளுக்குறிச்சி
20 நவம்பர் 1938

சென்றாயனுக்கு,

செல்லமுத்து சொல்லியிருப்பான். சந்தையிலேயே எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கஞ்சி கொடுக்கக் குனிந்தேன். அய்யன் முகத்தைத் தடவினார். கை உதட்டுக்கு மேலேயே நின்றது. "உங்காத்தா போயிட்டாளா கண்ணு?" என்றார்.

"இல்லீங்கய்யா, ராசிபுரத்துல நல்லா இருக்கறாங்க" என்றேன். பந்தயத்தைச் சொன்னேன், உன் பேரைச் சொன்னேன். "என்கிட்ட மறைக்காத சாமி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சியைத் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. ஆத்தாளைக் கூட்டிவர வண்டி அனுப்பினேன். அவள் வாசலில் இறங்கும்போது அய்யன் இல்லை. அவள் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்.

மண் படை முழுவதையும் தண்ணீரில் கரைத்துவிட்டேன். காரியத்துக்கு வராதே, கடிதமும் போடாதே.

கொள்ளி வைக்கும் முன் நாவிதர் வந்தார். தலையை மழித்து முடித்தவர், கத்தியை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அய்யனுக்கென்று எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

ராசாமணி