லியோன் தூரம் என்றேன்

2019 மாசி 5, செவ்வாய்

விடியவே மழை. வீட்டுக்குக் கிட்ட உள்ள கார்ஜ் ஸ்டேஷனில் ரயில் இருபது நிமிடம் தாமதம். லா சப்பலில், நான் சமைக்கிற சாப்பாட்டுக் கடை வாசலில் முதலாளி. ஏசவில்லை. அவர் ஏசாவிட்டால்தான் பயம். ரோல்ஸுக்குக் கிழங்கு அவித்தது நான், உப்புப் போட மறந்ததும் நான்.

யோசனை வேறெங்கோ. நேற்று மகள் துளசி இரண்டு கல்லூரித் தாள்களை மேசையில் விரித்தாள். ஒன்று லியோனில், நாட்டுப் பாதுகாப்புப் படிப்பு. பன்னிரண்டு வயதிலிருந்து அதுதான் வேண்டுமென்று நிற்கிறாள். மற்றது வீட்டுக்குப் பக்கத்தில். கடைகளுக்குக் காவல் ஒழுங்கு செய்கிற படிப்பு. லியோன் தாளின் கடைசி வரியையும் வாசித்துச் சொன்னாள். சேருகிற பிள்ளையின் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்களாம்.

லியோன் தூரம் என்றேன். அங்கே குளிர் என்றேன். நான் லியோனுக்குப் போனதே இல்லை.

7, வியாழன்

வெயில். சூடில்லாத வெயில்.

கொத்தமல்லி வாங்க ரூ பெர்தொனே தெருவுக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த மாடி அறை இப்போது யாரோ நகைக்கடைக்காரரின் களஞ்சியம். 2009இல் அங்கே அகதிக் கேஸ் எழுதுகிறவர் இருந்தார். இஞ்சி போடாமல் தேத்தண்ணி குடிக்க மாட்டார். ஒரு பூனையும் வைத்திருந்தார், ஒற்றைக் கண். அது கிடக்கட்டும். வீட்டில் யார் செத்தது என்று கேட்டார். கடவுள் புண்ணியத்தில் ஒருவருமில்லை என்றேன். பேனையை மூடினார்.

"சாவு இல்லாட்டில் கேஸ் நிக்காது அண்ணை. தம்பி, தங்கச்சி ஆரும் இருக்கினமோ?"

தம்பி ஒருவன் இருக்கிறான் என்றேன். அவ்வளவுதான். பேனை திறந்தது.

பக்கத்துக் கதிரையில், இரண்டு பிள்ளைகளை முள்ளிவாய்க்காலில் புதைத்துவிட்டு வந்த மனிதர். பெயர் கேட்டதற்கே அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு இந்த நாட்டில் இருக்க அகதிக் காட் கிடைத்தது. அவருக்கு? நான் விசாரிக்கவில்லை.

9, சனி

விண்ணப்பத்துக்கு என் பிறப்புப் பத்திரம் வேண்டுமாம். பேப்பர் எல்லாம் ஒரே பையில். பையோடு துளசியிடம் கொடுத்தேன். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதவனுக்கு எல்லாத் தாளும் ஒன்று.

குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, சித்தப்பா ஆமி சுட்டுச் செத்தவரெண்டு உங்கடை கேஸிலை கிடக்கு."

கையில் வெங்காயம். வெட்டிக்கொண்டே ஓம் என்றேன்.

"லியோன்காரர் இதைப் பாப்பினமோ?"

தெரியாது என்றேன். தாளை மடித்தாள், பையில் வைத்தாள், பையை அலமாரியில் வைத்தாள். என்னை ஏசியிருக்கலாம்.

10, ஞாயிறு

புட்டு, கத்தரிக்காய்.

பதினொரு மணிக்குத் தம்பி ஊரிலிருந்து, வட்டக்கச்சியிலிருந்து, வீடியோவில். மாடு கன்று போட்டதாம், காட்டினான். நெற்றியில் வெள்ளை. பிறகு, பிள்ளை எந்தக் கல்லூரி என்று கேட்டான். எனக்கு இருமல் வந்தது. துளசி போனை வாங்கினாள்.

"பக்கத்திலை உள்ளதுதான் சித்தப்பா. ராத்திரி விண்ணப்பம் அனுப்பிட்டன். அப்பாக்கு என்னை விட்டிட்டு இருக்க ஏலாதாம்."

"குடுத்து வைச்சனி பிள்ளை," என்றான் தம்பி. "அப்பிடியொரு தகப்பன்."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். சிரித்தேன்.