லேசரை அணைத்த பிறகும் நிற்கும் சிக்னல்

என் மச்சான் குமரனுக்கு,

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 10.42. பதினோராவது முறையாக லேசரை அணைத்துவிட்டேன். திரையில் சிக்னல் அப்படியே நிற்கிறது.

வெளிச்சமே இல்லாதபோது நம் கிராஃபீன் எதைத்தான்டா திறந்து மூடுகிறது?

ஓர் அணுவின் தடிமனே உள்ள அந்தக் கரித் தாளைச் சில்லின் ஒளிப்பாதைமேல் விரித்தவன் நீ. மின்னழுத்தம் கொடுத்தால் ஒளியை விடும், எடுத்தால் விழுங்கும். நொடிக்குப் பல நூறு கோடி முறை விட்டு விழுங்கினால் அதுதான் செய்தி. அப்படித்தான் செய்கிறது என்று நம்பினோம். நாம் பார்த்தது ஒளியே இல்லை. மின்னழுத்தம் போகும் கம்பியிலிருந்து அளவுக் கருவியின் கம்பிக்குக் கசிந்த மின்சாரம்.

முதன்முதலாகச் சிக்னல் வந்த அன்று நீ சொன்னாய்: "மச்சான், லேசர ஆஃப் பண்ணி ஒரு தடவ பாத்துரலாம்டா."

"சிக்னல் இவ்ளோ கிளீனா இருக்கு. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் லா. நீ மொதல்ல கட்டுரைய எழுது."

"ரொட்டி சானாய் வேகுற வரைக்கும்கூட உனக்குப் பொறுமை இல்லடா" என்று சிரித்துவிட்டு எழுத உட்கார்ந்தாய். மறுவாரம் ஃபெடரல் நெடுஞ்சாலையில், மழையில், உன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. நான் ஆஸ்பத்திரிக்கு வருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

கட்டுரை இந்த வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குப் போகிறது. உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. ஒரு படம் இன்னும் தெளிவாக வேண்டுமென்று இன்று காலை மறுபடி அளந்தேன். காப்பி குடிக்கப் போகுமுன் லேசரை அணைத்தேன். அவ்வளவுதான். அணைத்து அளந்த படம் எங்கே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் உன் அம்மா வெறும் ஃப்ரேம் ஒன்றை மாட்டியிருந்தார்.

"மொத பக்கத்த இதுலதான் போடணும்பா. என் மவன் பேரு பளிச்சுனு தெரியும்ல?"

"தெரியும் ஆன்டி."

இப்போது உண்மையைச் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்ததாகுமா? இல்லை, நீ கேட்டதைத் தாமதமாகச் செய்ததாகுமா? ஒரு தடவை வந்து திட்டிவிட்டுப் போயேன்டா.

இனி:

1. பதினொரு மணிக்கு நம் பேராசிரியரிடம் போய்க் கட்டுரையை நிறுத்தச் சொல்வேன். சோதனை வேண்டாம் என்றது நான், நீ இல்லை என்பதையும் சொல்வேன்.
2. சாயங்காலம் கிள்ளான். போனில் சொல்ல மாட்டேன். ஆன்டி எதிரில் உட்கார்ந்து சொல்வேன். ஃப்ரேமைக் கழற்றச் சொல்ல மாட்டேன்.
3. கம்பிகளைத் தள்ளிவைத்து, கவசம் போட்டு, நீ செய்த அதே சில்லை மறுபடி அளப்பேன். கசிவுக்கு அடியில் நிஜ சிக்னல் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.
4. முதலில் லேசரை அணைத்துப் பார்ப்பேன். திரை வெறுமையாகும்வரை எதையும் எழுத மாட்டேன். சத்தியம்.

அவசரக்காரன்,
உன் மச்சான் செல்வம்